இழவு யாருடையது? – லூக்கா சுவிசேஷத்தின் மூன்று உவமைகளும் நிர்ஹேதுக க்ருபா விசாரமும்

ஈச்வரன் சேதனனிடம் கொள்ளும் அன்புக்குச் சேதனனிடத்தில் ஏதேனும் காரணம் உண்டா என்பது ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் நெடுங்காலமாக விசாரிக்கப்பட்டு வரும் பொருள். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் காட்டிய விடையும், வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்தில் காட்டிய விடையும் ஒரே திசையை நோக்கியவையாயினும் ஒரே இடத்தில் நில்லாதவை. இக்கேள்வி இந்த ஸம்ப்ரதாயத்துக்கு மட்டும் உரியதன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின் பெலேஜியஸின் கொள்கையை மறுத்தபோதும், பதினாறாம் நூற்றாண்டில் லூதர் ரோமாபுரிச் சபையோடு மாறுபட்டபோதும், 1547இல் ட்ரென்ட் சங்கம் அதற்கு விடையாகத் தன் தீர்மானத்தை வெளியிட்டபோதும் கிறித்து மதத்தில் விசாரிக்கப்பட்டது இதுவே. மனிதன் கடவுளை அடைவது அவருடைய அருளால் மட்டுமா, மனிதன் செய்வதற்கும் அதில் பங்கு உண்டா என்பதே அங்கும் வழக்கு.

1930ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஐரோப்பாவில் இரண்டு நூல்கள் தோன்றின. ஒன்று, ருடால்ஃப் ஓட்டோ ஜெர்மன் மொழியில் எழுதிய, இந்தியாவின் அருள்நெறியையும் கிறித்து மதத்தையும் ஒப்புநோக்கும் நூல். மற்றொன்று, ஆண்டர்ஸ் நைக்ரன் ஸ்வீடிஷ் மொழியில் எழுதிய 'ஏரோஸும் அகாபேயும்' என்னும் நூலின் முதற்பகுதி. அதன் இரண்டாம் பகுதி 1936இல் வந்தது. முதல் நூல் ஸ்ரீவைஷ்ணவத்தை நேராகவே எடுத்துப் பேசுகிறது. இரண்டாவது நூல் ஸ்ரீவைஷ்ணவத்தைக் கருதாமலே நிர்ஹேதுக க்ருபையின் மிக அருகில் வந்து நிற்கிறது. இவ்விரண்டையும் அவர்கள் மதத்தின் மூல வாக்யத்தை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். உரைகல்லாகக் கொள்ளப்படுவது லூக்கா சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரம்.

ஓட்டோவின் நூல்

ஓட்டோ (1869–1937) மார்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர். லூதர் வழிக் கிறித்தவர். ஸ்ரீநிவாஸாசார்யரின் யதீந்த்ரமததீபிகையை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். இந்திய ஸமயம் என்றால் கர்மவிதியும் மாயாவாதமுமே என்று மேல்நாட்டார் பலரும் எண்ணியிருந்த காலத்தில், அருளையே உபாயமாகக் கொண்ட ஒரு நெறி இந்தியாவில் உண்டு, அது கிறித்து மதத்துக்கு மெய்யான போட்டி என்று தம் மதத்தார்க்கே எடுத்துரைத்தவர். இந்த நேர்மைக்காக அவர் போற்றத் தக்கவர்.

எனினும் அவர் கூற்றுகளுள் இரண்டு விசாரணைக்குரியன. முதலாவது, மர்க்கட ந்யாயம், மார்ஜார ந்யாயம் என்னும் இரண்டையும் அவர் கையாளும் முறை. தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்கிறது. தாய்ப்பூனையோ குட்டியைத் தானே கவ்விச் செல்கிறது. இவ்வுவமைகள் கேட்போர் நெஞ்சில் எளிதில் பதிவன. அதனாலேயே நூல்களின் நுண்பொருளை மறைப்பனவும் ஆயின. இவற்றை மட்டும் கொண்டு பார்ப்பவர்க்குத் தென்கலை லூதரின் பக்கமும் வடகலை ட்ரென்ட் சங்கத்தின் பக்கமும் இருப்பதாகத் தோன்றும். ட்ரென்ட் தீர்மானத்தின்படி அருள் முந்துகிறது. மனிதன் அதற்கு இசைந்து உடன்படுகிறான். அருளில் நின்று அவன் செய்யும் நற்செயல்கள் மெய்யாகவே பலனுக்கு உரிமை தருகின்றன. தேசிகரின் கொள்கையில் ப்ரபத்திக்கு அப்படியோர் உரிமை இல்லை. ஸித்தோபாயம் எம்பெருமானே. ப்ரபத்தி அவனுடைய நிக்ரஹத்தை விலக்குதற்கு ஒரு வ்யாஜம். அவனே கொடுக்க இருப்பதைக் கொடுக்க ஓர் இடம். கைக்கூலி கொடுப்பதற்கும் கதவைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் உண்டு. குரங்குக்குட்டியின் பிடியை ட்ரென்ட் சங்கத்தின் நற்செயலோடு ஒப்பிடுவோர் இந்த வேறுபாட்டை இழக்கின்றனர்.

இரண்டாவது கூற்று இன்னும் ஆழமானது. இரு நெறிகளும் அருளைப் பேசினாலும் அவை சுழலும் அச்சு வேறு வேறு என்கிறார் ஓட்டோ. இந்திய நெறி ஸம்ஸார பந்தத்திலிருந்து விடுதலையை நாடுகிறது. கிறித்து நெறி பாபத்தின் குற்ற உணர்விலிருந்து மீட்சியை நாடுகிறது. ஆகவே அங்கே பாபத்துக்கு ஈடுசெய்யும் ஒருவர் தேவைப்படுகிறார். இந்தியாவுக்கு அந்தத் தேவையே தோன்றவில்லை என்பது அவர் முடிவு. இக்கூற்று முழுவதும் பொய்யன்று. முழுவதும் மெய்யும் அன்று. இதற்குரிய விடை பின்னர்க் கூறப்படும்.

நைக்ரனின் நூல்

நைக்ரன் (1890–1978) ஸ்வீடனின் லுண்ட் நகரில் பேராசிரியராயிருந்து, பின்னர் அந்நகரின் பிஷப்பானவர். கிரேக்க மொழியில் அன்பைக் குறிக்கும் இரண்டு சொற்களை அவர் இரண்டு தத்துவங்களாகப் பிரித்தார். ஏரோஸ் என்பது உயர்ந்ததை நாடி மேலேறும் அன்பு. தன் குறையை நிரப்பிக்கொள்ள விரும்பும் அன்பு. அகாபே என்பது மேலிருந்து கீழிறங்கும் அன்பு. கிறித்துவத்துக்கே உரிய அன்பு அகாபே என்பது அவர் துணிபு.

அகாபேக்கு அவர் நான்கு இலக்கணம் கூறுகிறார். அது தானாக எழுவது, புறத்தே காரணம் அற்றது. அன்பு செய்யப்படுவோனின் தகுதி, தகுதியின்மைகளைப் பாராதது. தகுதியற்றவனிடத்தில் தகுதியை உண்டாக்குவது. மனிதன் கடவுளிடம் செல்லும் வழியைத் தானே வகுக்காமல், கடவுளே மனிதனிடம் வரும் வழியாக அமைவது. இவற்றைப் படிக்கும் ஸ்ரீவைஷ்ணவ வித்வானுக்கு இவை புதியனவாகத் தோன்றா. காரணமின்மை நிர்ஹேதுகத்வம். குணதோஷம் பாராமை வாத்ஸல்யத்தின் செயல். கடவுளே வந்து கொள்வது, ஸ்ரீவசனபூஷணம் ஸ்வகத ஸ்வீகாரத்தினும் மேலாக வைக்கும் பரகத ஸ்வீகாரம்.

ஆனால் நைக்ரன் மேலும் ஓர் அடி செல்கிறார். மனித ஆன்மாவுக்கு எல்லையற்ற மதிப்பு உண்டு, அதனால் கடவுள் அதை நேசிக்கிறார் என்று அவருக்கு முற்பட்ட ஹார்னாக் போன்றோர் கூறியிருந்தனர். அதை நைக்ரன் வன்மையாக மறுத்தார். மதிப்பைக் கண்டு நேசிப்பது அகாபே அன்று என்பது அவர் வாதம். நேசிக்கப்படுவோனிடத்தில் அன்புக்கு ஆதாரமாக எதுவும் இருத்தலாகாது. இருந்தால் அன்பின் காரணமின்மை கெடும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. தகுதி வேறு, ஸம்பந்தம் வேறு. தகுதி காரணமாகாது என்பதை ஒப்பலாம். அதனோடு ஸம்பந்தமும் இல்லையென்று கூறவேண்டுமா? ஒரு தாய் குழந்தையை அதன் அழகுக்காகவோ அறிவுக்காகவோ நேசிப்பதில்லை. அவ்வளவில் அவள் அன்புக்குக் காரணமில்லை. ஆயினும் அது தன் குழந்தை என்பது உண்டு. இந்தத் 'தன்' என்பதைக் காரணங்களுள் ஒன்றாக எண்ணி விலக்குவதா, காரணங்களுக்கெல்லாம் அடியில் கிடக்கும் ஆதாரமாகக் கொள்வதா? நைக்ரனின் நூல் இதைப் போதிய அளவு விசாரிக்கவில்லை. அவர் சித்திரிக்கும் கடவுள் அந்நியனை நேசிப்பவரைப் போலத் தோன்றுகிறார். இது அவருடைய மதத்தின் மூல வாக்யத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

மூல வாக்யத்தின் ஸங்கதி

லூக்கா சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரம் ஒரு முணுமுணுப்போடு தொடங்குகிறது. ரோம அரசுக்காக வரி தண்டும் ஆயக்காரரும், பாவிகள் என்று ஒதுக்கப்பட்டோரும் ஏசுநாதரின் பேச்சைக் கேட்க நெருங்கி வருகின்றனர். ஆசாரம் வழுவாத பரிசேயரும் வேதபாரகரும், இவர் இப்படிப்பட்டவர்களை ஏற்று அவர்களோடு உண்கிறாரே என்று குறைகூறுகின்றனர். அதற்கு விடையாக மூன்று உவமைகள் சொல்லப்படுகின்றன. நூறு ஆடுகளுள் ஒன்றைத் தொலைத்த மேய்ப்பன், மற்றவற்றை விட்டு அதைத் தேடிச்சென்று, கண்டதும் தோளில் சுமந்து வருகிறான். பத்து வெள்ளிக்காசுகளுள் ஒன்றைத் தொலைத்த பெண், விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டெடுக்கிறாள். இரண்டு மைந்தரை உடைய தந்தையின் இளைய மகன் தன் பங்கைப் பெற்றுத் தூரதேசம் சென்று அதை அழித்து, பஞ்சத்தில் பன்றி மேய்த்துப் பசித்து, வீடு திரும்புகிறான். தமிழ்க் கிறித்தவர் கெட்ட குமாரன் கதை என்றும் ஊதாரி மைந்தன் உவமை என்றும் வழங்குவது இம்மூன்றாவதே.

ஒரு பொருளை விளக்க மூன்று உவமைகள் ஏன் என்பது வ்யாக்யாதா முதலில் கேட்கும் கேள்வி. கூறியது கூறல் என்று தள்ளுதல் ஆகாது. காசு அசேதனம்; தான் தொலைந்ததை அறியாது, தேடுவோரை உதவவும் தடுக்கவும் மாட்டாது. ஆடு திர்யக், தொலைந்ததன் துன்பத்தை உணரும், ஆனால் வழியறியாது. மைந்தனோ மனிதன், தானே விரும்பிப் போனவன், தானே திரும்பவும் வல்லவன். மூன்று நிலைகளும் ஒரே சேதனனின் மூன்று தன்மைகளைக் காட்டுவதாகக் கொள்ளலாம். பாரதந்த்ர்யத்தை நோக்கினால் அவன் காசு. அஜ்ஞானத்தை நோக்கினால் ஆடு. கர்த்ருத்வத்தை நோக்கினால் மைந்தன்.

மூன்றுக்கும் பொதுவாக நிற்பது ஒன்று. ஆடு மேய்ப்பனுடையது, காசு அப்பெண்ணுடையது, மைந்தன் அத்தந்தையினுடையவன். வழியில் கண்ட அந்நியப் பொருளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தொலைத்தவரே தேடுகின்றனர், பெற்றவரே மகிழ்கின்றனர், அக்கம்பக்கத்தாரை அழைத்துத் தம் மகிழ்ச்சியில் பங்கு தருகின்றனர். ஆடும் காசும் மகிழ்ந்ததாக ஒரு சொல்லும் இல்லை. பேறு உடையவனுடையது என்று இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

கிரேக்க மூலத்தில் இதற்கு ஒரு சொற்சான்றும் உண்டு. மூன்று உவமைகளிலும் ஒரே வினைச்சொல் பயில்கிறது. 'அபொல்லூமி' என்பது அது. மேய்ப்பன் ஆட்டைத் தொலைத்தான் என்னுமிடத்திலும், பெண் காசைத் தொலைத்தாள் என்னுமிடத்திலும், தொலைந்துபோயிருந்த மகன் அகப்பட்டான் என்று தந்தை சொல்லுமிடத்திலும் அதுவே வருகிறது. தூரதேசத்தில் இளைய மகன் தான் பசியால் அழிவதாகத் தனக்குள் சொல்லிக்கொள்ளுமிடத்திலும் வருவது அதே சொல். மகனின் வாயில் அதற்கு அழிதல் என்று பொருள். தந்தையின் வாயில் இழத்தல் என்று பொருள். சேதனனின் நாசம் எதுவோ அதுவே ஈச்வரனின் இழவு. மகன் தன் பசியளவே அறிந்தான். தந்தையோ மகனையே இழந்திருந்தார். இழவும் பேறும் ஈச்வரனுடையவை என்று பூர்வாசார்யர்கள் நிலைநாட்டியதைக் கற்றவர், இவ்வொரு சொல்லின் இரண்டு பொருள்களிடையே அந்த ஸித்தாந்தம் முழுவதையும் காண்பர்.

ஆகவே நைக்ரனின் கொள்கையில் ஒரு பாதி மூலத்தோடு பொருந்துகிறது. மறு பாதி பொருந்தவில்லை. தகுதி நோக்கி அன்பு எழவில்லை என்பது பொருந்துகிறது. அன்புக்கு அடியில் ஸம்பந்தம் எதுவும் இல்லை என்பது பொருந்தவில்லை. நிர்ஹேதுகம் என்ற சொல்லால் பூர்வாசார்யர்கள் விலக்கியது சேதனனின் ஸுக்ருதத்தை. ஸ்வ-ஸ்வாமி ஸம்பந்தத்தை அன்று.

தன் உடைமையை நேசிப்பது தன்னையே நேசிப்பதன்றோ, அதில் அன்பின் பெருமை என்ன என்று இதற்கு ஒரு ஆக்ஷேபம் எழலாம். அதற்கு விடை எளிது. உடைமை அழிந்தால் வேறொன்றைக் கொள்வது உலகியல்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இருக்க ஒன்றைத் தேடிப்போவது லாபநஷ்டக் கணக்கு அறிந்தவன் செயலன்று. உடைமை என்பது கணக்காக இருந்தால் அந்த ஆடு அங்கேயே கிடந்திருக்கும். அது ஸம்பந்தமாக இருந்தமையாலேயே தேடப்பட்டது.

ஸம்பந்தத்தின் ஆழத்தில் இரு மதங்களுக்கும் உள்ள வேறுபாட்டையும் மறைத்தலாகாது. கிறித்து மதத்தில் ஆன்மா அநாதியன்று. கடவுளால் இன்மையிலிருந்து படைக்கப்பட்டது. இயல்பான மைந்தர் கிறித்து ஒருவரே. பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களின்படி ஏனையோர் புத்ர ஸ்வீகாரத்தால் மக்களாகின்றவர்கள். விசிஷ்டாத்வைதத்தில் ஜீவன் நித்யன், எம்பெருமானுக்குச் சரீரம், அந்த ஸம்பந்தம் ஒருநாள் உண்டானதுமன்று, ஒருநாள் கழிவதுமன்று. ஆதலின் கிறித்தவர் மகனானதைப் பெரும்பேறாகப் பேசுமிடத்தில், ஸ்ரீவைஷ்ணவர் மகன் என்பதை உணர்ந்ததையே பேறாகப் பேசுவர். உவமையிலோ மகன் போவதற்கு முன்னரும் மகனே, பன்றிகளிடையிலும் மகனே. இவ்விடத்தில் உவமை பவுலின் நிருபங்களைவிட ஸ்ரீவைஷ்ணவத்துக்கு அணித்தாக நிற்கிறது என்றால் மிகையன்று.

இளையவன் திரும்பிவருதல்

ஆட்டையும் காசையும் தேடிப்போனவர் உண்டு. மகனைத் தேடி யாரும் போகவில்லை. அவன் தானே எழுந்து வருகிறான். அப்படியானால் மீட்சிக்கு அவன் செயல் காரணமாயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். வ்யாஜ விசாரம் இங்கே தொடங்குகிறது.

அவனை எழுப்பியது எது? தந்தையின் வீட்டுக் கூலியாட்களுக்கும் உணவு மிஞ்சியிருக்கத் தான் பசியால் அழிவதே அவனுடைய முதல் நினைவு. அநுதாபத்துக்கு முன்னே பசி நிற்கிறது. கடவுளுக்கும் தந்தைக்கும் குற்றம் செய்தேன், மகனென்று சொல்லத் தகேன், கூலியாட்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது அவன் வழியில் வகுத்துக்கொண்ட விண்ணப்பத்தின் கருத்து. இதை உபாயமென்று மதிக்கத் தகுமா? பிள்ளை லோகாசார்யரின் வழியில் நிற்போர், வந்தது பசியால், ஏற்றது ஸம்பந்தத்தால் என்பர். தேசிகரின் வழியில் நிற்போர், வந்த அளவு சிறிதாயினும் அவன் வாராதிருந்தால் தழுவுதற்கு இடமில்லை, அந்தச் சிறுமையே வ்யாஜத்தின் இலக்கணம் என்பர். உவமை இரண்டுக்கும் இடந்தருகிறது.

அடுத்து நிகழ்வனவற்றின் க்ரமம் கவனிக்கத் தக்கது. அவன் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே தந்தை காண்கிறார். காத்திருந்தார் என்று மூலத்தில் சொல் இல்லை. ஆயினும் கண் வழிமேல் இல்லாதவர் தூரத்தில் வருபவனை முதலில் காண்பதெப்படி? சொல்லாத காத்திருப்பு அர்த்தாபத்தியால் பெறப்படுகிறது. கண்டதும் மனம் உருகுகிறது, ஓடுகிறார், தழுவி முத்தமிடுகிறார். மகன் பேசத் தொடங்குவது அதற்குப் பின்னரே. உயர்ந்த ஆடை வருவது அதற்கும் பின்னர். பன்றிகளிடையே கிடந்த உடம்பை நீராட்டிவிட்டுத் தழுவவில்லை, இருந்தபடியே தழுவுகிறார்.

ஈன்றணிமையில் பசு கன்றின் உடலிலுள்ள அழுக்கை நக்கி அகற்றுவதை வாத்ஸல்யத்துக்கு உவமையாக்குவது ஸம்ப்ரதாய வழக்கு. அவ்வழுக்கு பசுவுக்கு போக்யம் என்பது ஒரு நிர்வாஹம். பசு அதை அழுக்கென்று காணவேயில்லை என்பது மற்றொரு நிர்வாஹம். தோஷபோக்யத்வம், தோஷாதர்சனம் என்று இவை வழங்கும். உவமையில் ஆடைக்கு முந்திய தழுவலைக் காண்போர் முதல் நிர்வாஹத்தை நினைவர். குற்றத்தைப் பற்றித் தந்தை ஒரு சொல்லும் சொல்லாததைக் காண்போர் இரண்டாவதை நினைவர். ஆயினும் கடவுள் பாபத்தைச் சுவைக்கிறார் என்று எந்தக் கிறித்தவ ஆசிரியரும் சொல்லத் துணியார். ஒரு பாவி மனந்திரும்புவதில் விண்ணுலகில் மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறதென்பதே அவர்கள் எல்லை. தோஷபோக்யத்வம் அவ்வெல்லையைக் கடந்தது. அது மேலும் குற்றம் செய்ய அளித்த அநுமதி என்று பிறர் மயங்காவண்ணம் சொல்லும் பொறுப்பு அதைச் சொல்வோர்க்கு உண்டு.

இன்னும் ஒரு நுட்பம். மகன் வகுத்துக்கொண்ட விண்ணப்பம் முழுவதும் சொல்லப்படவில்லை. குற்றத்தை அறிக்கையிடுகிறான், தகுதியின்மையைச் சொல்கிறான், கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்ற பகுதி வருவதற்குள் தந்தை வேலையாட்களை அழைத்து ஆடையும் மோதிரமும் பாதரக்ஷையும் கொண்டுவரப் பணிக்கிறார். குற்றத்தைச் சொல்ல விட்டவர் கூலியைச் சொல்ல விடவில்லை. கூலி என்பது ஸம்பந்தத்தை ஒப்பந்தமாக்குவது. தாஸ்யத்தை ஸ்வரூபமாகக் கொண்ட ஸம்ப்ரதாயத்தார்க்கு இது எளிதில் விளங்கும். தாஸனும் பணி செய்கிறான், கூலியாளும் பணி செய்கிறான். கூலியாளின் பணி மாலையில் முடிந்து கணக்குத் தீர்கிறது.

க்ஷமையின் விலை

இனி ஓட்டோவின் இரண்டாவது கூற்று. பாபத்துக்கு ஈடுசெய்பவர் இந்திய நெறியில் இல்லை, ஆகவே பாபத்தின் கொடுமை அங்கே முழுதும் உணரப்படவில்லை என்பது அதன் உட்கிடை. இதைக் கூறுவோர் முதலில் இந்த உவமையையே நோக்குதல் வேண்டும். தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஈடுசெய்பவர் எவரும் இல்லை. கடன் தீர்க்கப்படவில்லை, தண்டனை வேறொருவர் தலையில் ஏற்றப்படவில்லை. தந்தை மன்னித்தார், அவ்வளவே. ஈடு இல்லாமல் மன்னிப்பது குறையாயின் அக்குறை ஏசுநாதரின் சொந்த உவமைக்கும் வரும்.

இதற்குக் கிறித்தவர் சொல்லும் விடை வலிமையுடையது. உவமையைச் சொன்னவரைவிட்டு உவமையைப் பிரிக்கலாகாது. சொன்னவர் பின்னர்ச் சிலுவையில் ஏறினார். தந்தையின் ஓட்டம் எவ்வளவு தூரம் சென்றதென்று அங்கே தெரிகிறது என்பர். சிலுவையின் பொருளைப் பற்றி அவர்களிடையேயும் ஒருமை இல்லை. 1098இல் தம் நூலை முடித்த ஆன்ஸெல்ம், மனிதன் கடவுளின் மாட்சிமைக்குச் செய்த குறையை மனிதனே ஈடுசெய்யவேண்டும், கடவுளே ஈடுசெய்ய வல்லவர், ஆகவே கடவுள் மனிதரானார் என்று வாதித்தார். அடுத்த தலைமுறையில் ஆபெலார்ட், சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி மனிதனின் அன்பை எழுப்புவதென்று அழுத்திச் சொன்னார். எவ்வழியிலும் ஒன்று நிற்கிறது: மன்னிப்பவரே மன்னிப்பின் துன்பத்தைத் தம் மேல் ஏற்றார் என்பது.

ஸ்ரீவைஷ்ணவத்தில் இதற்கு நிகராக எது உண்டு? காகாஸுர வ்ருத்தாந்தம் முதலில் நினைவுக்கு வரும். பிராட்டியிடம் அபசாரப்பட்ட காகம் மூவுலகும் ஓடிப் புகலின்றிப் பெருமாள் திருவடிகளிலேயே விழுந்தது. உயிர் பெற்றது, ஒரு கண்ணை இழந்தது. அஸ்த்ரம் வீணாகலாகாது என்ற நியாயமும், சரணமடைந்தவனைக் கைவிடலாகாது என்ற கருணையும் அங்கே ஒருங்கே நின்றன. ஆகவே தண்டநீதிக்கும் கருணைக்கும் உள்ள முரண் இந்திய நெறிக்குத் தோன்றவேயில்லை என்பது பிழை. ஆனால் அங்கே கண்ணை இழந்தது காகம், பெருமாள் அன்று. இந்த வேறுபாட்டை மழுப்புவது ந்யாயமாகாது.

ஸம்ப்ரதாயம் இம்முரணைத் தீர்த்தது புருஷகாரத்தால். அதே பிராட்டியிடம் அபசாரப்பட்ட காகம் பிழைத்தது அவள் ஸந்நிதியால். ராவணன் முடிந்தது அந்த ஸந்நிதி இல்லாமையால் என்பது ஆசார்யர்கள் காட்டும் வழி. பிராட்டி ஈடு கொடுப்பவள் அல்லள். ஈச்வரனுடைய ஸ்வாதந்த்ர்யத்தைத் தணித்து அவனுடைய வாத்ஸல்யத்தை எழுப்புபவள். ஈடு கேட்கும் நெஞ்சு ஈச்வரனிடத்தில் நிலைத்து நில்லாதபடி செய்பவள். இரண்டாம் உவமையில் தேடுபவள் பெண் என்பதைக் கொண்டு பிராட்டியின் ஸ்தானத்தை அங்கே காண முயல்வது வலிந்து பொருளுரைப்பதாகும். மூலத்தில் அவள் நிற்பது கடவுளின் இடத்திலேயே.

மன்னிப்பவன் தானே தாழ்கிறான் என்ற தத்துவத்துக்கு நிகர் வேண்டுமாயின் அதை அர்ச்சாவதாரத்தில் காணவேண்டும். ஸ்நானமும் போஜனமும் ஆஸனமும் சயனமும் பிறர் கையை எதிர்பார்க்க, அறியாதவன்போலவும் ஆற்றாதவன்போலவும் அபசாரங்களையெல்லாம் பொறுத்துக் கோயிலிலும் க்ருஹத்திலும் எழுந்தருளியிருக்கும் நிலையைப் பிள்ளை லோகாசார்யர் தத்வத்ரயத்தில் பேசுகிறார். உடையவனும் உடைமையும் இடம் மாறினாற்போல அங்கே நிற்கிறது. சிலுவை ஒருநாள் நிகழ்ந்தது. கொலையாளரின் கையில் நிகழ்ந்தது. அர்ச்சை நாள்தோறும் நிகழ்வது. பக்தரின் கையில் நிகழ்வது. துன்பத்தின் தீவிரம் முன்னதில். தாழ்மையின் நீட்சி பின்னதில். இவற்றை ஒன்றென்பதும் தவறு. ஒன்றிருக்க மற்றொன்றுக்கு இடமில்லையென்று ஓட்டோவைப்போல முடிப்பதும் தவறு.

வீட்டுக்குள் தொலைந்தவன்

உவமை இளையவனோடு முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்தவன் ஆடல்பாடலின் ஓசை கேட்டு, காரணம் அறிந்து, சினந்து, உள்ளே புகாமல் நிற்கிறான். தந்தை வெளியே வந்து அவனையும் வேண்டுகிறார். இத்தனை ஆண்டுகள் அடிமைபோல் உழைத்தும் நண்பரோடு மகிழ ஓர் ஆட்டுக்குட்டியும் பெற்றதில்லை, இந்த மகனுக்கோ கொழுத்த கன்று என்கிறான் அவன். தம்பி என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. உம் மகன் என்கிறான். எப்போதும் என்னோடிருக்கிறாய், என்னுடையவை யாவும் உன்னுடையவை என்ற பொருள்படத் தந்தை விடையளித்து, வந்தவன் அவனுக்குத் தம்பி என்பதை நினைவூட்டுகிறார். மூத்தவன் உள்ளே சென்றானா என்று சொல்லாமலே கதை நிற்கிறது. முணுமுணுத்த பரிசேயரின் முன் அது விடப்பட்ட கேள்வி.

முதலிரண்டு உவமைகளின் வேறுபாடு இங்கே முழுப்பயன் தருகிறது. ஆடு வெளியே தொலைந்தது. காசு வீட்டுக்குள்ளேயே தொலைந்தது. இளையவன் ஆடு, மூத்தவன் காசு. ஆட்டுக்குத் தான் தொலைந்தது தெரியும். காசுக்குத் தெரியாது. மூத்தவன் தேடிக் காட்டிய குறை கூலிக்கணக்கு. இளையவன் தூரதேசத்திலிருந்து கொண்டுவந்த கூலி என்னும் சொல்லை, மூத்தவன் வீட்டிலிருந்தே வளர்த்திருந்தான். தந்தை இருவரிடத்திலும் அதை ஏற்கவில்லை.

ஸ்ரீராமாயணம் கற்றவர்க்கு இங்கே ஸ்ரீபரதாழ்வான் நினைவுக்கு வருவது இயல்பு. தந்தையின் உடைமையெல்லாம் அவனுக்கென்று ஆனபோது, தமையன் இல்லாத அதனை அவன் தீண்டவில்லை. கூரத்தாழ்வான் தம் கண்கள் போகக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்கவேண்டுமென்று பேரருளாளனிடம் விண்ணப்பித்ததாகக் குருபரம்பரை கூறும். மூத்தவன் நின்ற வாசலில் இவர்கள் நிற்கவில்லை. நிர்ஹேதுக க்ருபையை உணர்ந்தவன் அதைப் பிறன் பெறும்போது வருந்தமாட்டான் என்பதற்கு ஸம்ப்ரதாயம் வைத்துள்ள அளவுகோல் இது.

அவ்வளவுகோலை ஸம்ப்ரதாயத்தார் தம்மேலும் வைத்தல் வேண்டும். பிறப்பாலே கோயிலை அடுத்து, பாலப்பருவத்திலேயே ஸந்தை சொல்லி, கைங்கர்யத்தில் வளர்ந்தவர்க்கு வீட்டில் இருப்பது இயல்பாகிவிடுகிறது. தீர்த்தத்திலும் ஸ்ரீசடாரியிலும் முதன்மை தவறினால் சினம் வருகிறது. கல்வியும் குலமும் இன்றிப் புதிதாக வருபவன் கண்ணீரோடு ஸேவிக்கும்போது, இவன் எங்கிருந்து வந்தான் என்று விழி கேட்கிறது. க்ருபை நிர்ஹேதுகமா ஸஹேதுகமா என்று நூல்வழியே நன்றாக வாதிக்கும் நாவுக்கு, எத்தனை ஆண்டுகள் செய்தேன் என்ற கணக்கும் தெரிந்திருக்கிறது. இது ஒரு கலைக்கு மட்டும் உரிய குறையன்று.

ஓட்டோவும் நைக்ரனும் பிற மதத்தைப் பற்றியும் தம் மதத்தைப் பற்றியும் எழுதியவற்றுள் தள்ளத்தக்கன உண்டு, கொள்ளத்தக்கன உண்டு. தகுதி நோக்காத அன்பைக் கிறித்து மதத்தின் உயிர்நிலையாக எடுத்துக்காட்டியது நைக்ரன் செய்த நன்மை. அந்த அன்பின் அடியில் ஸம்பந்தம் கிடப்பதை லூக்கா சுவிசேஷத்தின் உவமைகள் காட்டுகின்றன. அதைப் படித்தறியும் கண்ணைப் பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்கள் தருகின்றன. அக்கண் கொண்டு பார்ப்பவர், மூத்தவனைப் பரிசேயனென்று சுட்டிவிட்டு அகன்றுபோதல் இயலாது. தந்தை இளையவனை நோக்கி ஓடியதுபோலவே மூத்தவனை நோக்கியும் வெளியே வந்தார். விளக்கேற்றி வீட்டுக்குள் தேடப்படும் காசுக்கும் உடையவர் ஒருவரே. அதன் இழவும் அவருடையதே.